வேர்ட்பிரஸ் தீம் விற்றுக் கொழும்பில் இருந்தே சம்பாதிக்கலாமா?

வேலையை விட்டுவிட்டு, தீம்ஃபொரஸ்ட் என்ற இணையச் சந்தையில் தீம் (வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் இணையதளம் அமைப்பவர்களுக்கான ஆயத்த வடிவமைப்பு) விற்று வாழ முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும், ஆனால் வேலையை இப்போதே விடாதீர்கள். 2008இல் அந்தச் சந்தை தொடங்கிய காலம் வேறு. இன்று ‘எல்லாத் தேவைக்கும்’ என்று ஒரு தீம் போட்டால் பழைய பெரிய தீம்களுக்குக் கீழே புதைந்துவிடும், அதனால் பல் வைத்தியர், டியூஷன் வகுப்பு, வெள்ளவத்தையில் பார்க்கிற மாதிரிச் சின்னச் சாப்பாட்டுக்கடை என்று ஒரே தொழிலைப் பிடித்து, அதற்குத் தேவையான முன்பதிவு, விலைப்பட்டியல் எல்லாவற்றையும் கச்சிதமாகச் செய்யுங்கள். விற்றதோடு முடியாது. சப்போர்ட் உண்டு என்று போட்டால் (போடாவிட்டால் யார் வாங்குவார்கள்?) 6 மாதம் பதில் சொல்லியாக வேண்டும், அப்புறம் வேர்ட்பிரஸ் புதிய பதிப்பு வரும்போதெல்லாம் திருத்தமும் செய்ய வேண்டும், என் நேரத்தில் பாதி அதற்கே போகிறது. சந்தை தன் பங்கை எடுத்த மிச்சம்தான் உங்களுக்கு. டொலரில் வரும் அந்தப் பணத்தை பயோனியர் என்ற இணையப் பணப்பரிமாற்றச் சேவை வழியாக இங்குள்ள வங்கிக் கணக்கிற்கு எடுக்கலாம்.