வாசகர் கேள்வி: அப்பா விட்டுச்சென்ற மாசர் துப்பாக்கி

கேள்வி: அப்பா காலமாகி நான்கு மாதம் ஆகிறது. அவர் பெயரில் லைசென்ஸ் பெற்ற பழைய மாசர் ரைபிள் ஒன்று இரும்புப் பெட்டியில் இருக்கிறது. இடப்பக்கம் ‘மாசர் 1896, லோவே, பெர்லின்’ என்று பொறித்திருக்கிறது. கட்டையில் யாரோ கத்தியால் இரண்டு எழுத்து செதுக்கியிருக்கிறார்கள். இரும்பு காபிப்பொடி நிறமாகிவிட்டது. மணல்தாள் போட்டுத் தேய்த்து, வார்னிஷ் அடித்துக் கூடத்தில் மாட்டலாமா? நூறு வருஷப் பொருளுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்கிறார் மச்சான். - வாசகர், டர்பன்

பதில்: மச்சான் சொல்வதை நம்பி எதுவும் செய்துவிடாதீர்கள். தென்னாப்பிரிக்காவின் 2000-ஆம் ஆண்டு துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் ‘பழம்பொருள்’ என்று விலக்கு தருவது 1900 ஜனவரி 1-க்கு முன் செய்த, வாய்வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிகளுக்குத்தான். உங்களுடையது பின்புறம் தோட்டா போட்டு, ‘போல்ட்’ என்ற இரும்புத் தண்டைக் கையால் தள்ளிப் பூட்டும் துப்பாக்கி. 1896-இல் செய்ததானாலும் லைசென்ஸ் இல்லாமல் வைத்திருப்பது குற்றம். அப்பாவின் லைசென்ஸ் உங்களுக்குத் தானாக வந்துவிடாது. சொத்தை நிர்வகிப்பவர் அதைப் பாதுகாப்பில் வைக்கட்டும். நீங்கள் காவல்நிலையத்தின் துப்பாக்கி அதிகாரியைப் பார்த்து, தகுதிச் சான்றிதழுக்கும் உங்கள் பெயரில் லைசென்ஸுக்கும் மனுப் போடுங்கள். செயலிழக்கச் செய்தும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதற்காகத் துளையை அடைத்து, பாகங்களை வெல்ட் செய்துவிட்டால் பழையபடி ஆக்க வழியே இல்லை. மற்ற வழிகளெல்லாம் அடைபட்ட பிறகு அதை யோசியுங்கள்.

கூடத்தில் மாட்டும் எண்ணம் வேண்டாம். துப்பாக்கிப் பெட்டிக்குள்தான் இருக்க வேண்டும்.

இனி மணல்தாள். தயவுசெய்து கட்டை மேல் அதை வைக்காதீர்கள். இங்கே முன்பு இருந்த போயர் குடியரசான டிரான்ஸ்வாலின் அரசு ஜெர்மனியிலிருந்து கிட்டத்தட்ட 37,000 மாசர்களை வாங்கியது. 1899 முதல் 1902 வரை பிரிட்டனுடன் நடந்த போரில் போயர் (டச்சு வம்சாவளி) வீரர்கள் தங்கள் பெயரையும் முதலெழுத்தையும் கட்டையில் செதுக்கி வைத்தார்கள். நீங்கள் தேய்த்தெடுக்க நினைக்கும் அந்த இரண்டு எழுத்தும் அப்படிப்பட்டதாக இருக்கலாம். ரிசீவரில், அதாவது போல்ட் ஓடும் இரும்பு உடலில், வரிசை எண் அருகே ‘ஓ.வி.எஸ்.’ என்ற முத்திரை உண்டா பாருங்கள். இருந்தால் அது இன்னொரு போயர் குடியரசான ஆரஞ்சு ஃப்ரீ ஸ்டேட் வாங்கியது. ரிசீவர், போல்ட், கட்டை என்று எங்கெங்கே எண் இருக்கிறதோ அங்கெல்லாம் ஒரே எண்ணா என்று சரிபார்த்து எழுதி வையுங்கள். எண் பொருந்திய, யாரும் கைவைக்காத துப்பாக்கிக்குத்தான் மதிப்பு.

காபிப்பொடி நிறம் என்றால் துரு ஓடுகிறது என்று அர்த்தமில்லை. வெள்ளைத் துணியால் அழுத்தித் துடையுங்கள். துணியில் ஒன்றும் ஒட்டாவிட்டால் அது முதிர்ந்த நிறம், தொடாதீர்கள். செம்பொடி ஒட்டினால் அங்கே மட்டும் இரண்டு சொட்டு மினரல் ஆயில் விட்டு, ஒரு ராத்திரி ஊறவைத்து, மிக மெல்லிய, நான்கு பூஜ்யம் நம்பர் ஸ்டீல் உல்லால் விரலால் லேசாகத் தடவி எடுங்கள். கூடுதலாகத் தேய்த்தால் துருவைத் தடுக்க இரும்பில் ஏற்றிய பழைய நீல நிறமும் கூடப் போய்விடும். மரமும் இரும்பும் சேரும் கோட்டை விளக்கு வைத்துப் பாருங்கள்; துரு ஒளிந்திருக்கும் இடம் அதுதான். கட்டைக்குத் துளி ஆளிவிதை எண்ணெய் போதும். திருகாணியைத் தொடுவதானால் பள்ளத்துக்கு அளவாகப் பொருந்தும் ஸ்க்ரூடிரைவர் வேண்டும், இல்லையேல் விளிம்பு பிய்ந்துபோகும்.

கேள்வி: இதே வகைத் துப்பாக்கி என் லைசென்ஸில் இருக்கிறது. பேரலுக்குள் பார்த்தால் கறுப்பாக, குழிகுழியாக இருக்கிறது. சுடலாமா? - வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: அந்தக் காலத் தோட்டாவின் பற்றவைப்பு மருந்தில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அது எரிந்தபின் உப்பு படியும். அந்த உப்பு ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும். எண்ணெயில் உப்பு கரையாது. அதனால்தான் எண்ணெய் போட்டே வைத்திருந்த பேரல்களிலும் குழி விழுந்தது. முதலில் துப்பாக்கி காலியாக இருக்கிறதா என்று கண்ணாலும் விரலாலும் சோதித்து, போல்டைக் கழற்றுங்கள். வாய்ப்பக்கம் கீழே இருக்க, தோட்டா அமரும் சேம்பர் பக்கம் குழாய் வைத்துக் கொதிநீரை ஊற்றுங்கள். தண்ணீர் மரத்தில் படக்கூடாது. துணித்துண்டுகளால் உலர்த்திய பிறகுதான் எண்ணெய். துடைக்கும் கம்பியைப் பின்பக்கமிருந்தே விடுங்கள். வாய்ப்பக்கமிருந்து விட்டால் உராய்ந்து உராய்ந்து வாய் தேய்ந்து குறி பிசகும்.

குழியைக் கூடச் சகித்துக்கொள்ளலாம், ஆனால் தோட்டா அமரும் இடத்தின் நீளம் அதைவிட முக்கியம். துப்பாக்கிப் பட்டறைக்காரர் அளவுக்கருவி வைத்துப் பார்க்கும் முன் ஒரு தோட்டாவும் சுட வேண்டாம். போல்டைப் பூட்டும் காதுகள் (துருத்திய முனைகள்) பின்னுக்குத் தள்ளப்பட்டிருந்தால் தோட்டாவின் அடிப்பகுதி கிழியும். 1898 மாடலில் உள்ள மூன்றாவது பாதுகாப்புக் காதும் அகலமான தடுப்பும் இதில் இல்லை. வாயு உங்கள் முகத்துக்கு வரும். சரி என்று அவர் சொன்னாலும் இதற்குரிய 7×57 அளவில் அழுத்தம் குறைந்த தோட்டாவையே போடுங்கள்.

கேள்வி: தேங்காய் எண்ணெய் தடவித் தோலுறையில் வைக்கலாமா? - வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: இரண்டும் வேண்டாம். தேங்காய் எண்ணெய் சிக்குப் பிடித்துப் பிசினாகும். தோலில் ஈரமும் உப்பும் தங்கும். டர்பன் கடற்காற்றில் ஒரே மழைக்காலத்தில் துரு வரும். மினரல் ஆயிலை மெல்லிய படலமாகத் தடவி, பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பைகள் போட்டு, மாதம் ஒரு தடவை திறந்து பாருங்கள். வெறுங்கையால் தொட்டால் உடனே துடைத்துவிடுங்கள். விரல் ரேகையே துருவாகப் பதியும்.