வருகைப் பதிவேட்டின் மறுபக்கம்: ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியரின் கேள்வி பதில்

தமிழ்நாட்டு அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் வருகை, உதவித்தொகைத் தேர்வுகள், விளையாட்டு, கலைப் போட்டிகள் ஆகியவை பற்றி மாணவர்களும் பெற்றோரும் ஆசிரியர்களும் அனுப்பிய வினாக்களுக்கு, அரசு மேல்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவர் பதிலளிக்கிறார்.

கேள்வி: ஐயா, நான் பன்னிரண்டாம் வகுப்பு அறிவியல் பிரிவு மாணவி. வீட்டிலேயே நன்றாகப் படிக்கிறேன். பொதுத்தேர்வை ஒழுங்காக எழுதிவிட்டால் போதாதா? வருகைக்கு ஏன் இத்தனை கெடுபிடி?
(மாணவி, அரூர்)

பதில்: நீ நேரடியாகக் கேட்டதால் கணக்கையே சொல்லிவிடுகிறேன், அம்மா. மேல்நிலை வகுப்பில் ஒவ்வொரு பாடத்திற்கும் உள்ள 100 மதிப்பெண்ணில் 10 மதிப்பெண் அகமதிப்பீடு ஆகும். அந்தப் பத்தில் 4 உள்நிலைத் தேர்வுகளுக்கும், 2 ஒப்படைவு, செயல்திட்டம் போன்றவற்றிற்கும், 2 கல்வி இணைச் செயல்பாடுகளுக்கும், மீதமுள்ள 2 வருகைக்கும் உரியவை. 80 விழுக்காட்டிற்கு மேல் வந்திருந்தால் இரண்டும் கிடைக்கும். 75 முதல் 80 வரை என்றால் ஒன்று கிடைக்கும். அதற்குக் கீழே ஒன்றுமில்லை. பள்ளி 200 நாள் நடந்தது என்று வைத்துக்கொண்டால், 40 நாளுக்கும் குறைவாக விடுப்பு எடுத்தவருக்கு முழு மதிப்பெண்; 50 நாளைத் தாண்டியவருக்குச் சுழியம்.

இரண்டு மதிப்பெண்தானே என்று தோன்றலாம். ஆனால் அது ஆறு பாடங்களிலும் கழியும்போது 600-க்குப் பன்னிரண்டு ஆகிறது. நீ பொறியியல் கலந்தாய்வுக்குப் போவதாக இருந்தால், கணிதத்தின் நூறும் இயற்பியல், வேதியியல் மதிப்பெண்களின் பாதியும் சேர்ந்துதான் 200-க்கான கட்-ஆஃப் வருகிறது. ஆகவே கணிதத்தில் இரண்டும் மற்ற இரண்டு பாடங்களில் ஒவ்வொன்றுமாக நான்கு மதிப்பெண் போய்விடும். கட்-ஆஃபில் அரை மதிப்பெண்ணுக்கே ஆயிரக்கணக்கானோர் முன்பின்னாக நிற்கும் தரவரிசைப் பட்டியலில், நான்கு மதிப்பெண் என்பது எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு என்பதையே மாற்றிவிடக் கூடியது. இதற்கு மேல், 75 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் பொதுத்தேர்வு எழுதுவதிலேயே சிக்கல் எழலாம் என்பதையும் நினைவில் கொள்.

வீட்டில் படிப்பது நல்லதுதான். ஆனால் வேதியியல் செய்முறையில் உப்புப் பகுப்பாய்வை வீட்டு மேசையில் செய்ய முடியாது.

கேள்வி: என் மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். ஆண்டு விழாவில் "ஒரு நாளும் விடுப்பு எடுக்காத மாணவர்" பரிசு வாங்கியே தீர வேண்டும் என்று காய்ச்சலோடு பள்ளிக்குக் கிளம்புகிறான். பாராட்டுவதா, தடுப்பதா?
(தாய், செஞ்சி)

பதில்: தடுத்து நிறுத்துங்கள், அம்மா. நூறு விழுக்காட்டுப் பரிசை நான் ஒருபோதும் விரும்பியதில்லை. அது பெரும்பாலும் குழந்தையின் முயற்சிக்குக் கிடைப்பதில்லை. நோய் வராத உடலுக்கும், வேலைக்கு அனுப்பத் தேவையில்லாத குடும்பத்திற்கும், பள்ளிக்கு அருகிலுள்ள வீட்டுக்கும் கிடைக்கிறது. காய்ச்சலோடு வரும் ஒருவன் பக்கத்துப் பெஞ்சில் நான்கு பேரைப் படுக்க வைத்துவிட்டுப் பரிசு வாங்குவதில் பெருமை எதுவும் இல்லை. சென்ற ஆண்டு அடிக்கடி வராமலிருந்து, இந்த ஆண்டு ஒழுங்காக வரத் தொடங்கிய பிள்ளைகளை மேடைக்கு அழைத்துப் பாருங்கள் என்று பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் நீங்களே முன்மொழியலாம். கைத்தட்டல் எங்கே தேவையோ அங்கே போய்ச் சேரும்.

கேள்வி: நான் கபடி வீரன், ஐயா. குறுவட்டம், மாவட்டம் என்று போட்டிக்குப் போவதால் பல நாள் வகுப்பில் இருக்க முடிவதில்லை. வருகை போய்விடுமா? இந்தச் சான்றிதழ்களால் பயன் உண்டா?
(பதினோராம் வகுப்பு மாணவர், ஒட்டன்சத்திரம்)

பதில்: பள்ளியின் சார்பாக, உடற்கல்வி ஆசிரியருடன், தலைமை ஆசிரியரின் அனுமதி பெற்றுப் பாரதியார் தினக் குழு விளையாட்டுகளுக்கோ குடியரசு தினப் போட்டிகளுக்கோ போகும் நாளை வருகை நாளாகவே கொள்வதுதான் முறை. இதில் தவறு நிகழும் இடம் ஒன்றே ஒன்று: உடற்கல்வி ஆசிரியர் பெயர்ப் பட்டியலை வகுப்பாசிரியரிடம் தர மறந்துவிடுவார், காலை 'எமிஸ்' என்னும் பள்ளிக் கல்வித் தகவல் முறைமையின் செயலியில் வருகை பதிவாகும்போது நீ வராதவனாகி விடுவாய். ஆகவே முதல் நாளே வகுப்பாசிரியரிடம் நேரில் சொல்லிவிடு, தம்பி. மன்றத்தின் பெயரில் ஊர்த் திருவிழாவில் ஆடப் போவது வேறு. அதற்கு விடுப்பு விண்ணப்பம்தான்.

சான்றிதழ்களைப் பொறுத்தவரை, அண்ணா பல்கலைக்கழகத்துடன் இணைந்த கல்லூரிகளுக்கான பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கென்று 500 இடங்கள் உள்ளன. ஆயினும் எல்லாக் கோப்பைகளும் அங்கே செல்லாது. எந்த அமைப்பு, எந்த நிலையில் நடத்திய போட்டி என்பதைப் பார்த்தே மதிப்பிடுவார்கள். எனவே கேடயத்தைக் காட்டிலும் போட்டியின் பெயர், நாள், நிலை, நடத்தியவரின் கையொப்பம் ஆகியவை தெளிவாக உள்ள தாளைப் பத்திரப்படுத்து. கலையில் ஈடுபாடுள்ள உன் நண்பர்களுக்கும் ஒன்று சொல்: 2022-23 முதல் நடைபெறும் பள்ளிக் கலைத் திருவிழாவில் மாநில அளவில் வெல்பவர்களுக்குக் 'கலையரசன்', 'கலையரசி' என்ற பட்டங்கள் தரப்படுகின்றன; வெளிநாட்டுக் கல்விச் சுற்றுலாவுக்கும் மாணவர்கள் அழைத்துச் செல்லப்பட்டுள்ளனர்.

கேள்வி: கூலி வேலை செய்கிறேன். இரண்டு பிள்ளைகள், ஒருத்தி எட்டாம் வகுப்பு, ஒருவன் பத்தாம் வகுப்பு. படிப்பிலேயே பணம் வரும் தேர்வுகள் உண்டாமே, விளக்க முடியுமா?
(தந்தை, பெரம்பலூர்)

பதில்: மகளுக்கு இந்த ஆண்டே ஒரு வாய்ப்பு உள்ளது. தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித் தொகைத் தேர்வை அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் எட்டாம் வகுப்பு படிப்போர் எழுதலாம். பெற்றோரின் ஆண்டு வருமானம் 3,50,000 ரூபாய்க்கு மிகக் கூடாது. தமிழ்நாட்டிற்கு 6,695 இடங்கள். தேர்ச்சி பெற்றால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். மனத்திறன் தாளுக்கு 90 வினாக்கள், படிப்பறிவுத் தாளுக்கு 90 வினாக்கள். இத்தொகை தொடர வேண்டுமானால் ஒவ்வொரு வகுப்பிலும் முதல் முயற்சியிலேயே தேர்ச்சி பெற வேண்டும் என்பதால், நடுவில் படிப்பை விட்டால் பணமும் நின்றுவிடும். நீங்கள் ஊராட்சி அல்லது பேரூராட்சிப் பகுதியில் இருந்தால், அடுத்த ஆண்டு ஒன்பதாம் வகுப்பில் ஊரகத் திறனாய்வுத் தேர்வும் உண்டு. மாவட்டத்திற்கு 50 மாணவர், 50 மாணவியரைத் தேர்ந்தெடுப்பார்கள். ஆண்டுக்கு 1,000 ரூபாய் என்பது சிறு தொகைதான், ஆனால் பழக்கத்திற்காகவேனும் எழுதட்டும்.

மகனைப் பதினோராம் வகுப்பில் அரசுப் பள்ளியிலேயே சேர்த்துவிடுங்கள். முதலமைச்சர் திறனாய்வுத் தேர்வில் 500 மாணவரும் 500 மாணவியரும் தேர்ந்தெடுக்கப்பட்டு, இளநிலைப் பட்டம் முடிக்கும்வரை ஆண்டுக்கு 10,000 ரூபாய் பெறுகிறார்கள். தமிழ்மொழி இலக்கியத் திறனறித் தேர்வில் 1,500 பேருக்கு மாதம் 1,500 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுகள் கிடைக்கிறது. முதல் தேர்வு ஒன்பது, பத்தாம் வகுப்புக் கணக்கு, அறிவியல், சமூக அறிவியலிலிருந்தும், இரண்டாவது பத்தாம் வகுப்புத் தமிழிலிருந்தும் வருகின்றன. ஆகவே அவன் இன்று பையில் சுமந்து செல்லும் புத்தகங்களே அவற்றிற்கும் போதும். தனி வகுப்புக்குப் பணம் கட்டாதீர்கள்.

இத்தேர்வுகளின் அறிவிப்பு பெரும்பாலும் காலை வணக்கக் கூட்டத்தில் ஒருமுறைதான் சொல்லப்படுகிறது. அன்று வராத பிள்ளைக்கு அது தெரியாமலே போகும். வருகையைப் பற்றி நான் வலியுறுத்துவதற்கு இதுவே பெரிய காரணம்.

கேள்வி: புதிதாகப் பணியில் சேர்ந்த பட்டதாரி ஆசிரியை நான். என் வகுப்பில் மூன்று பேர் அடிக்கடி வருவதில்லை. கண்டித்தும் பயனில்லை. என்ன செய்வது?
(ஆசிரியை, திருவண்ணாமலை மாவட்டம்)

பதில்: கண்டிப்பதற்கு முன் பதிவேட்டை ஒரு மாதத்திற்குப் பின்னோக்கிப் படியுங்கள், அம்மா. எத்தனை நாள் என்பதைவிட எந்தெந்த நாள் என்பதுதான் செய்தி. வாரச் சந்தை நாளில் மட்டும் வராதவன் கடையில் நிற்கிறான். திங்கட்கிழமைகளில் வராதவனுடைய வீட்டில் ஞாயிறு இரவு என்ன நடக்கிறது என்று மெல்ல விசாரிக்க வேண்டும். காலையில் வந்து பிற்பகலில் காணாமற் போகிறவனுக்கு, பிற்பகலில் நடக்கும் ஏதோ ஒரு பாடத்தின் மீதோ, அதை நடத்துபவர் மீதோ அச்சம் இருக்கலாம்; சக ஆசிரியரைப் பற்றியது என்பதால் இதைச் சொல்ல நாம் தயங்குகிறோம், ஆனால் தயங்கக் கூடாது. மார்கழி, தை கடந்ததும் மொத்தமாக நின்றுபோகும் பிள்ளையின் குடும்பம் கரும்பு வெட்டவோ செங்கல் சூளைக்கோ சென்றிருக்கும். அப்படிப்பட்ட பிள்ளையை நீக்கிவிடாமல், எமிஸ் எண்ணைக் கொண்டு சூளைக்கு அருகிலுள்ள பள்ளியில் சேர்க்க ஏற்பாடு செய்யுங்கள். பள்ளியை விட்டுச் சென்றவர்களின் பெயர் எமிஸில் நிற்கும் பொதுத் தொகுப்புக்கு மாற்றுவதோடு கடமை முடிந்தது என்று எண்ண வேண்டாம். பதினான்கு வயது நிறையாத பிள்ளை வேலைக்குப் போவதாகத் தெரிந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குச் சொல்லத்தான் வேண்டும்.

மூன்றாம் நாளே வீட்டுக்குப் போய்விட வேண்டும். முப்பதாம் நாள் போனால், திரும்பி வருவதற்கு அந்தப் பிள்ளைக்கே வெட்கமாகிவிடும். 2023 மார்ச் மாதத்தில் பன்னிரண்டாம் வகுப்பு மொழிப்பாடத் தேர்வுக்கு ஏறத்தாழ 50,000 பேர் வராமற் போனது பெரிய செய்தியானது. அவர்களில் பலர் நெடுநாளாக வகுப்புக்கே வராதவர்கள். பெயர் மட்டும் பட்டியலில் இருந்தது. வெற்று இருக்கைகளைத் தேர்வறையில்தான் முதன்முதலாக எண்ணினோம் என்பது நம் அனைவருக்கும் தலைகுனிவு.

கேள்வி: எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் மாதந்தோறும் மூன்று நாள் பள்ளிக்குப் போக மறுக்கிறாள். வற்புறுத்தலாமா?
(தாய், இராமநாதபுரம் மாவட்டம்)

பதில்: மாதம் மூன்று நாள் என்பது பத்து மாதத்தில் முப்பது நாள். அவளை வற்புறுத்துவதற்கு முன், பள்ளிக் கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, பயன்படுத்திய அணையாடையைப் போட இடம் இருக்கிறதா என்று நீங்களே சென்று பாருங்கள். வளரிளம் பெண்களுக்கு விலையின்றி அணையாடை வழங்கும் திட்டம் 2011 முதல் உள்ளது. தீர்ந்துவிட்டதா, கேட்க வெட்கப்படுகிறாளா என்று ஆசிரியை ஒருவரிடம் பேசுங்கள். குறை இருந்தால் பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானமாகப் பதிவு செய்யுங்கள். அதற்கும் அசையாவிட்டால் 14417 என்ற கல்வி உதவி எண் இருக்கிறது. வலி தாங்க முடியாததால்தான் தங்குகிறாள் என்றால் அது மருத்துவரிடம் காட்ட வேண்டியது, பள்ளியால் தீராது.

கேள்வி: காலை வணக்கத்துக்குத் தாமதமாக வருபவர்களை வாயிலிலேயே திருப்பி அனுப்புவது சரியா?
(பெற்றோர், திருப்பூர்)

பதில்: சரியல்ல. பத்து நிமிடத் தாமதத்திற்கு ஒரு நாள் பாடத்தைப் பறிப்பது எந்தக் கணக்கிலும் சேராது. வாயிலில் திருப்பி அனுப்பப்படும் பிள்ளை வீட்டுக்குப் போவதும் அரிது. பேருந்து தாமதமா என்று கேளுங்கள்; இலவசப் பயண அட்டை வைத்திருப்பவர்களை ஏற்றாமல் போகும் பேருந்துகளும் உண்டு. அப்படியிருந்தால் தலைமை ஆசிரியர் பணிமனை மேலாளருக்குக் கடிதம் எழுதலாம்.

கேள்வி: மகனை ஒன்பதாம் வகுப்பில் தனியார் பள்ளியிலிருந்து அரசுப் பள்ளிக்கு மாற்றினால் மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு ஒதுக்கீடு கிடைக்குமா?
(தந்தை, நாமக்கல்)

பதில்: ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் பயின்றவர்களுக்காக 2020-இல் கொண்டுவரப்பட்ட ஒதுக்கீடு அது, கட்டணம் செலுத்தித் தனியார் பள்ளியில் எட்டு வரை படித்த பிள்ளைக்குப் பொருந்தாது. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காட்டு இடத்தில் எட்டு வரை பயின்று, ஒன்பது முதல் அரசுப் பள்ளிக்கு வந்தவருக்கு மட்டும் விலக்கு உண்டு. கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களுக்கும் ஆறாம் வகுப்பிலிருந்தே கணக்குப் பார்ப்பார்கள். ஒதுக்கீட்டுக்காக மட்டும் மாற்றுவதாக இருந்தால் மாற்ற வேண்டாம். வீட்டுக்கு அருகில் நல்ல அரசுப் பள்ளி இருந்து, பையனுக்கும் விருப்பமிருந்தால் ஜூன் மாதத்திலேயே சேர்த்துவிடுங்கள், ஆண்டின் நடுவில் மாற்றாதீர்கள்.