கத்தரியில் மொய்க்கும் வெள்ளை ஈ, மிளகாயில் ஏன் குறைவு?

கேள்வி: கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். ஆட்டினால் கத்தரியிலிருந்து வெள்ளை ஈ புகை மாதிரி கிளம்புகிறது, மிளகாயில் ஒன்றிரண்டுதான். கொழுந்தில் மருந்து அடித்தேன், பத்தே நாளில் பழையபடி வந்துவிட்டது. ஏன்?

பதில்: வெள்ளை ஈ இறங்க இடம் தேடுவது பெரும்பாலும் கண்ணால்தான். மஞ்சளும் இளம்பச்சையும் அதை இழுக்கும். மஞ்சள் ஒட்டும் பொறியில் சிக்குவதும் அதனால்தான். ஆனால் இறங்கிய இடத்திலெல்லாம் முட்டையிடாது. ஊசி போன்ற வாயைச் செருகிச் சாற்றை ருசி பார்க்கும், பிடிக்காவிட்டால் பறந்துவிடும். இந்தப் பரீட்சையில் கத்தரி சுலபமாகத் தேறிவிடுகிறது. மிளகாய் அவ்வளவாக இல்லை.

இலையின் சுனைக்கும், அதாவது அதன் மேலுள்ள சிறு முடிகளுக்கும், இதில் பங்கு உண்டு. பருத்தியில் வழுவழுப்பான இலையைவிடச் சுனையுள்ள இலையில் பொதுவாக முட்டை அதிகம். ஆனால் சில காட்டுத் தக்காளிகளின் பிசுபிசுப்பான சுனை ஈயை அண்டவே விடாது.

தாய் இவ்வளவு பார்ப்பதில் நியாயம் இருக்கிறது. முட்டைக்கு ஒரு சின்னக் காம்பு உண்டு. அதை இலைக்குள் செருகி வைக்கும், அதன் வழியாகத்தான் முட்டைக்கு ஈரம் கிடைக்கிறது. பொரித்த குஞ்சு கொஞ்ச தூரம் ஊர்ந்து ஓரிடத்தில் வாயைச் செருகும். அப்புறம் ஈயாகும்வரை ஏறக்குறைய அதே இடம்தான்.

சரி, மருந்து எங்கே தவறியது? முட்டையிடுவது பெரும்பாலும் கொழுந்து இலையின் அடிப்பக்கத்தில். ஆனால் அந்த இலை அங்கேயே நிற்பதில்லை. முட்டை பொரித்துக் குஞ்சு வளர்வதற்குள் மேலே புதுத் துளிர் வந்துவிடும், குஞ்சுகளோடு அந்த இலை நடுவுக்கும் கீழுக்கும் போய்விடும். நீங்கள் கொழுந்தில் கொன்றது தாய்களை. பத்து நாளில் வந்தவற்றில் பல, கீழே தப்பிய பிள்ளைகள்.

ஒரு கத்தரிச் செடியில் மேல், நடு, கீழ் என மூன்று இலைகளைத் திருப்பி, லென்ஸ் வைத்துப் பாருங்கள். மேலே முட்டை, நடுவில் தட்டையான குஞ்சு, கீழே தோல் உரித்துப் போன வெற்றுக் கூடு. சில குஞ்சுகள் பழுப்பாகவோ கருப்பாகவோ மாறியிருந்தால் உள்ளே அவற்றைத் தின்று கொல்லும் ஒட்டுண்ணிக் குளவி வளர்ந்துகொண்டிருக்கலாம்; அந்த இலைகளைப் பறிக்க வேண்டாம். அடிக்கத்தான் வேண்டுமென்றால், தெளிப்பானின் முனையை மேல்நோக்கித் திருப்பி இலையின் அடிப்பக்கம் நனையும்படி அடியுங்கள்.

எனக்கு உங்கள் கத்தரியைவிடத் தக்காளிதான் கவலை. இலைச்சுருள் வைரஸைப் பரப்ப நாலைந்து ஈ போதும், அவை அங்கே முட்டையிட வேண்டுமென்றுகூட இல்லை. சுருண்ட செடி தெரிந்தால் அன்றைக்கே பிடுங்கிவிடுங்கள்.