நிலாவெளி வீட்டுச் சுடுதண்ணீருக்கு: சோலாரா, கரண்டா?

வணக்கம். கிணற்றுத் தண்ணீர், புதிதாகக் கட்டிய மேல்மாடியில் இரண்டு குளியலறை, வயதான அம்மா என்று எழுதியிருந்தீர்கள். திருகோணமலை வெயிலுக்குச் சோலார்தான் சரி. மார்கழி மழை நாட்களுக்காக, உள்ளே மின்சுருளும் உள்ள தாங்கியாக எடுங்கள்.

ஆனால் முதலில் தண்ணீரைப் பாருங்கள். கேத்தில் அடியில் வெள்ளையாகப் படிகிறதா? அதே சுண்ணாம்பு ஹீட்டருக்குள்ளும் படியும். உவர் இருந்தால் தாங்கியையும் அரிக்கும். தாங்கிக்குப் பதிலாகத் தான் அரிபட்டு அதைக் காக்க உள்ளே இருக்கும் மக்னீசியக் கம்பியை வருடாவருடம் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள், தேய்ந்தால் மாற்ற வேண்டும்.

சுடுதண்ணீருக்குச் சாதாரண பிவிசி குழாய் போட விடாதீர்கள், இளகிவிடும். சூட்டைத் தாங்கும் சிபிவிசி குழாய் கேளுங்கள். தாங்கி அம்மாவின் குளியலறைக்கு நேர் மேலே இருக்கட்டும். அப்புறம், சோலார் தண்ணீர் 60 பாகையைத் தாண்டும். அம்மாவின் குழாய்க்குச் சூட்டைக் கட்டுப்படுத்தும் கலப்பு வால்வு கட்டாயம் போடுங்கள்.