அம்மாவுக்கு 44 வயது. கர்ப்பப்பை எடுத்த பிறகு திடீர் திடீரென முகம் கொதித்து வியர்க்கிறது. என்ன செய்யலாம்?

கம்பத்திலிருந்து ஜீப்பில் குமுளிப் பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர், சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறார், இரண்டு வருடம் முன்பு கர்ப்பப்பை ஆபரேஷன், உடம்புச் சூடு என்று வெந்தயம், நன்னாரி கொடுத்தும் குறையவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள்.

முதலில் அந்த ஆபரேஷனின் டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுங்கள். ‘டி.ஏ.ஹெச்.’ என்று மட்டும் இருந்தால் கர்ப்பப்பையை எடுத்திருக்கிறார்கள். கூடவே ‘பி.எஸ்.ஓ.’ என்றிருந்தால் இரண்டு சினைப்பைகளும் போய்விட்டன. “கர்ப்பப்பை எடுத்தாச்சு” என்பதோடு நம் ஊரில் பேச்சு முடிந்துவிடுகிறது, சினைப்பை இருக்கிறதா என்று பலருக்குத் தெரியாது. ஆனால் வைத்தியமே அதைப் பொறுத்துத்தான். சினைப்பை போனால் அது சுரக்கும் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் ஒரேயடியாக விழும், முகம் கொதித்து வியர்க்கும் இந்த அனல் கடுமையாகவே வரும். சினைப்பையை விட்டுவைத்திருந்தாலும், ஆபரேஷனுக்குப் பிறகு சிலருக்கு அதன் வேலை சீக்கிரமே ஓய்ந்துவிடுவதுண்டு.

இதற்கும் நாம் சொல்கிற ‘சூட்டுக்கும்’ சம்பந்தமில்லை. உடல் வெப்பத்தைப் பார்த்துக்கொள்வது மூளையின் ஹைப்போதலாமஸ். ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் அது தொட்டாற்சிணுங்கியாகிவிடுகிறது. இம்மியளவு வெப்பம் ஏறினாலும் ரத்தக் குழாய்களை விரித்து வியர்க்க வைக்கிறது. சில நிமிடத்தில் அடங்கி, வியர்வை காயும்போது நடுக்கம் வரும்.

ஆனால் ஹார்மோன்தான் காரணம் என்று முடிவு செய்வதற்கு முன், வேறு காரணங்கள் இல்லை என்று பார்த்துவிட வேண்டும். விடிவதற்குள் கிளிமிபிரைடு வகை மாத்திரையைப் போட்டுக்கொண்டு, சாப்பாட்டைத் தூக்குவாளியில் கட்டி மலையேறுகிறவருக்கு வருவது தாழ்சர்க்கரையாகவும் இருக்கலாம். கைநடுக்கம், பசி, தலைசுற்றல் சேர்ந்து வரும். அந்த நேரத்தில் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழ் என்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள். மாத்திரையை இனிச் சாப்பாட்டோடுதான் போட வேண்டும். இன்னொன்று, ராத்திரி வியர்வையோடு இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடைக் குறைவு இருந்தால் காசநோயா என்று பார்க்கச் சளிப் பரிசோதனை. தைராய்டுக்கு டி.எஸ்.ஹெச். என்ற ஒரு ரத்தப் பரிசோதனை போதும்.

இவை எதுவும் இல்லை, சினைப்பையும் இல்லை என்றால் ஹார்மோன் மாத்திரைக்குப் பயப்பட வேண்டாம். அனலை அதிகம் குறைப்பது அதுதான். இந்த வயதில் எலும்புக்கும் அவசியம். கர்ப்பப்பை இல்லாததால் பெரும்பாலும் ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும். (கர்ப்பப்பை உள்ளவர்களுக்குப் புரொஜெஸ்ட்ரோன் சேர்க்காமல் கொடுக்கவே கூடாது, உள்சுவரில் புற்றுநோய் வரலாம்.) இயல்பாக மாதவிடாய் நிற்கும் வயதுவரை தொடர்வது வழக்கம். ரத்தம் உறையும் ஆபத்து தோலில் தடவும் ஜெல்லில் மாத்திரையைவிடக் குறைவு. மார்பகப் புற்றுநோய், பக்கவாதம், மாரடைப்பு, காலில் ரத்த உறைவு, கல்லீரல் நோய் இருந்தவர்களுக்கு இது ஆகாது. அவர்களுக்கு ஹார்மோன் அல்லாத வென்லாஃபாக்சின் மாத்திரையை 37.5 மி.கி.யில் தொடங்கி 75 வரை போவார்கள். தூக்கம்தான் கெடுகிறது என்றால் இரவில் கபாபென்டின் மாத்திரை 300 மி.கி. காலையில் தலை கிறுகிறுக்கலாம், சரிவில் நிற்கிறவர்கள் கவனிக்க வேண்டும். இவை எதையும் மருந்துக்கடையில் கேட்டு வாங்காதீர்கள், திடீரென்று நிறுத்தவும் கூடாது.

வெந்தயமும் நன்னாரியும் சாப்பாட்டில் இருந்துவிட்டுப் போகட்டும், அனலை நிறுத்தும் என்று காத்திருக்க வேண்டாம். குமுளிப் பக்கம் கொடுக்கிற, பதிமுகக் கட்டை போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரும் அப்படித்தான். ஆயுர்வேத மருந்தான அரிஷ்டம் கொஞ்சம் யோசிக்க வேண்டியது: புளிக்கவைத்துச் செய்வதால் அதில் ஆல்கஹால் உண்டு, சிலருக்கு அதுவே அனலைக் கிளப்பும்.

மழைக்குப் போர்த்தும் பிளாஸ்டிக் தாளுக்குள் வெக்கை தேங்கும். சேலைமேல் போடும் முழுக்கைச் சட்டை பருத்தியாக இருக்கட்டும், மழை விட்டதும் தாளைக் கழற்றச் சொல்லுங்கள். ராத்திரி ஒரு கனத்த கம்பளிக்குப் பதில் இரண்டு மெல்லிய போர்வை என்றால் ஒன்றை உதறிவிட்டுத் தூங்கலாம். இதனால் அனல் வரும் தடவை குறையாது, வந்தால் சமாளிக்கலாம், அவ்வளவுதான்.

டாக்டரிடம் போகும்போது சம்மரி, சர்க்கரை மாத்திரை அட்டை, இரண்டு வாரம் அனல் வந்த நேரத்தைக் குறித்த தாள், மூன்றையும் கொண்டுபோங்கள். தேனி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மகப்பேறு, பெண்கள் நலப் பிரிவின் புறநோயாளிச் சீட்டு போட வேண்டும்.