குழாய் போகும் வழி

அன்புள்ள அண்ணா,

நான் கோத்தகிரிக்காரன். மின்னியல் டிப்ளமோ முடித்துவிட்டுக் குன்னூரில் ஒரு பெரிய விடுதியில் ஆறு ஆண்டுகளாகப் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன். சென்ற ஆண்டு பம்ப், ஜெனரேட்டர், வெந்நீர்த் தொட்டி, லிப்ட் என எல்லாவற்றிலும் சென்சார் பொருத்தினார்கள். இப்போது பெங்களூரில் இருக்கும் தலைமை அலுவலகம் அங்கிருந்தே திரையில் பார்த்துக்கொள்கிறது. பதினோரு பேராக இருந்த நாங்கள் ஏழு பேராகிவிட்டோம். மணிக்கொரு முறை அளவு எடுத்துப் பதிவேட்டில் எழுதும் வேலை போய்விட்டது. (உண்மையைச் சொன்னால் இரவில் யாரும் போய்ப் பார்த்ததில்லை. இரண்டு மணிக்கே ஆறு மணி வரைக்குமான அளவுகளை எழுதிவைத்துவிடுவோம். எல்லா இடத்திலும் அப்படித்தான்.) நான் வெறும் மெயின்டனன்ஸ் ஆள். கட்டடத் தானியங்கி முறைகள் பற்றிய படிப்பில் சேரலாமா, வளைகுடாவுக்குப் போகலாமா, அப்பாவின் தேயிலைத் தோட்டத்துக்கே திரும்பிவிடலாமா? இந்தத் துறையில் இனி எதிர்காலம் உண்டா? அடுத்த வாரம் எனக்கு இரவுப் பணி. அதற்குள் உங்கள் பதில் வந்தால் நன்றாக இருக்கும்.

கே.

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த நாளில் என் மேசைமேல் அப்பாவின் நோட்டு ஒன்று பிரிந்து கிடந்தது. அட்டையைப் பூச்சி அரித்துவிட்டது. தாள்களை அடுக்கித் தைத்துக்கொண்டிருந்தேன். அந்த நோட்டின் நினைவோடு படித்ததால்தான் உடனே பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

படிப்பில் சேருங்கள். இதில் யோசிக்க ஒன்றுமில்லை. திரையில் வரும் எண் எங்கிருந்து வருகிறது, எப்போது தப்பாக வரும் என்று உங்களுக்குத் தெரிந்தாக வேண்டும். வளைகுடா உங்கள் வீட்டுக் கணக்கு, அதில் நான் தலையிட மாட்டேன். தேயிலை பற்றி, பச்சைத் தேயிலைக்கு என்ன விலை கிடைக்கிறது என்று அப்பாவிடம் ஒரு மாலை உட்கார்ந்து கேளுங்கள், போதும்.

‘வெறும் மெயின்டனன்ஸ் ஆள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். இனி எனக்கு எழுதும்போது அந்த ‘வெறும்’ வேண்டாம். நூற்றுக்கணக்கான பேர் உங்கள் கூரையின் கீழ் தூங்குகிறார்கள். குளிக்கும் நீரையும் லிப்ட் கயிற்றையும் தீயணைப்புக் குழாயின் அழுத்தத்தையும் யாரோ ஒருவர் பார்த்துக்கொள்கிறார் என்று நம்பித்தான் தூங்குகிறார்கள். கட்டடப் பராமரிப்பை எப்படி நடத்த வேண்டும் என்பதற்கு 2018-இல் ஐ.எஸ்.ஓ. 41001 என்று உலகத் தரமே வந்துவிட்டது.

இப்போது நீங்கள் அடைப்புக்குறிக்குள் எழுதிய வரிகளுக்கு வருகிறேன். அவை என்னைத் தூங்கவிடவில்லை. இரண்டு மணிக்கு உட்கார்ந்து ஆறு மணியின் அளவை எழுதியிருக்கிறீர்கள்! நான்கு மணிக்கு அந்தப் பம்ப் எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்ததாக எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறீர்கள். ‘எல்லா இடத்திலும் அப்படித்தான்’ என்று சமாதானம் வேறு. தீயணைப்புப் பம்பின் டீசல் தொட்டி முக்கால் அளவு இருக்கிறது என்று நீங்கள் எழுதிவைத்த இரவில் அது காலியாக இருந்து, அன்றைக்கே சமையலறையில் தீப்பிடித்திருந்தால்? வேலை போன நான்கு பேரை நினைத்து எனக்கும் வருத்தம்தான். பள்ளிக் கட்டணமும் வாடகையும் அந்த வீடுகளில் எப்படிப் போகின்றனவோ தெரியவில்லை. ஆனால் பார்க்காமல் எழுதும் கையிடமிருந்து வேலையைப் பிடுங்குவது எளிது. சென்சார் பழுதானால் திரையில் கோடு அறுந்து தெரியும். நீங்கள் எழுதிய பக்கங்களில் ஒரு நாளும் கோடு அறுந்ததில்லை.

என் அப்பா உதகைக்கு அருகில் ஒரு உறைவிடப் பள்ளியில் பம்ப் ஆபரேட்டர். வெள்ளைக்காரர் காலத்துக் கட்டடங்கள், மேட்டில் தொட்டி, பள்ளத்தில் பம்ப் அறை. நீர்மட்டம் பார்க்க இரவில் இரண்டு முறை மேடேறுவார். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் இரவுகளில் மூன்று முறை. வெளிச்சுவர்க் குழாய்களில் நீர் உறையாமலிருக்கக் கடைசிக் குழாயைச் சொட்டவிட்டு வர வேண்டும். 1980-களில் தொட்டிக்கு மிதவை சுவிட்சு வந்தது. மட்டம் இறங்கினால் பம்ப் தானே ஓடும், நிறைந்தால் தானே நிற்கும். வேலை போய்விடுமோ என்று அம்மா பயந்தாள். அப்பாவோ மகிழ்ந்தார். சுவிட்சு நன்றாகவே வேலை செய்தது. அதைக் குறை சொல்லி அவர் ஒரு வார்த்தை பேசிக் கேட்டதில்லை. மேடேறும் நேரம் மிச்சமானது. அந்த நேரத்தில் பள்ளியின் குழாய்களை வரையத் தொடங்கினார்.

அந்த வளாகத்துக்குக் குழாய் வரைபடம் என்று ஒன்று கிடையாது. வந்த பிளம்பர்கள் அவரவர் காலத்தில் தோண்டி, வெட்டி, இணைத்து, மண்ணைப் போட்டு மூடிவிட்டுப் போயிருந்தார்கள். எல்லோரும் தூங்கிய பிறகு அப்பா ஒரு இரும்புக் கம்பியின் ஒரு முனையை வால்வின் மீதும் மறுமுனையைக் காதோரத்து எலும்பிலும் வைத்துக் கேட்பார். பத்து வயதுப் பையனாக நான் டார்ச் பிடித்துக்கொண்டு நிற்பேன். “இங்கே ஓடுகிறது, அங்கே ஓடவில்லை, நடுவில் எங்கோ பிரிகிறது” என்பார். மறுநாள் அது நோட்டில் ஏறும்.

ஏழாம் பக்கத்தை அப்படியே சொல்கிறேன். நீல மையில் தண்ணீர்க் குழாய், சிவப்பில் வெந்நீர்க் குழாய், உறுதியில்லாத இடங்களில் பென்சில். சமையற்கூடத்துக்குப் பின்னால் ஒரு சிறு வட்டம். பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறார்: ‘கற்பூர மரத்திலிருந்து படிக்கட்டுப் பக்கம் 14 அடி. கல் மூடி. இந்த வால்வு இடப்பக்கம் சுற்றினால் மூடும். பலம் காட்டாதே.’ அங்கிருந்து ஒரு பென்சில் கோடு பழைய மருத்துவ அறை வரை போய் நின்றுவிடுகிறது. ‘டம்மி போட்டு அடைத்திருக்கிறது. உள்ளே நீர் நிற்கிறது. வெட்டி எடுக்கச் சொல்ல வேண்டும்.’

அந்தப் பென்சில் கோட்டைத்தான் உங்களுக்குக் காட்ட விரும்பினேன். 1976 ஜூலையில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஒரு ஹோட்டலில் முன்னாள் படைவீரர்களின் மாநாடு நடந்தது. தங்கியவர்களையும் அந்தப் பக்கம் நடமாடியவர்களையும் கடும் நிமோனியா பிடித்தது. 34 பேர் இறந்தார்கள். ஏறத்தாழ ஆறு மாதத் தேடலுக்குப் பிறகே காரணமான பாக்டீரியா அகப்பட்டது. லீஜியோனெல்லா என்று அதற்குப் பெயர். ஏ.சி.க்கான குளிர்விப்பு நீரிலிருந்து பரவியிருக்கும் என்பதே வலுவான சந்தேகம். 20 முதல் 45 டிகிரி வரை வெதுவெதுப்பாக, ஓடாமல் நிற்கும் நீரில் அது பெருகும். பிறகு நீர்த்திவலையோடு மூச்சில் ஏறும். வெந்நீரை 60 டிகிரியில் வைக்கச் சொல்வது இதனால்தான்.

உங்கள் விடுதியை நினைத்துப் பாருங்கள். சீசன் முடிந்தால் பாதி அறைகள் பூட்டிக் கிடக்கும். அவற்றின் ஷவர் குழாய்களில் நீர் வாரக்கணக்கில் நிற்கும். மூடுபனி நாட்களில் கூரைமேல் இருக்கும் சூரிய வெந்நீர்க் கலன் வெதுவெதுப்போடு நின்றுவிடும். வெந்நீர்த் தொட்டியின் சென்சார் 60 என்று காட்டும், பெங்களூரில் பச்சை எரியும். டம்மி போட்ட குழாயில் யார் சென்சார் வைத்தார்கள்? அப்படி ஒரு குழாய் இருப்பதே தெரியாதவர் எப்படி வைப்பார்? சென்சார் வைத்த இடம் மட்டும்தான் திரைக்குத் தெரியும். எங்கே வைக்க வேண்டும் என்று அந்தக் கட்டடத்தைக் கையாலும் காதாலும் அறிந்தவர்தான் சொல்ல முடியும். ஜெனரேட்டரும் இப்படித்தான். குன்னூரின் 1,850 மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்தது. காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத டீசல் எஞ்சின் பெயர்ப்பலகையில் இருக்கும் சக்தியை இங்கே முழுதாகத் தராது. முழுச் சுமையை அதன்மேல் ஏற்றுகிறவருக்கு இதை நீங்கள்தான் சொல்லியாக வேண்டும்.

ஆறு ஆண்டுகள் அங்கே இருந்திருக்கிறீர்கள். பழைய கட்டடத்தின் சமையலறைக் குழாய் எங்கே பிரிகிறது என்று உங்களால் சொல்ல முடியுமா? எத்தனை வால்வுகள் துருப்பிடித்து இறுகிவிட்டன என்று தெரியுமா? தெரியவில்லை என்றால் எந்தப் படிப்பில் சேர்ந்து என்ன?

ஏழு பேர் நாளை ஐந்து பேராக மாட்டீர்கள் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. அப்பாவையே யாரும் கொண்டாடவில்லை. ஓய்வு பெற்ற நாளில் நோட்டை அலுவலகத்தில் கொடுத்தார். “இதை வைத்து என்ன செய்வது, நீங்களே எடுத்துப் போங்கள்” என்றார்கள். துணிப்பையில் போட்டு பஸ்ஸில் கொண்டுவந்தார். அன்று இரவு சாப்பிடும்போது ஒன்றும் பேசவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்றும் ஆறவில்லை. உங்களைத் திட்டியதில் அதுவும் கலந்திருக்கலாம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கம்ப்யூட்டரில் வரையுங்கள். ஒரு படியைப் பெங்களூருக்கு அனுப்புங்கள், ஒன்றை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் இரவுப் பணி என்றீர்களே, மிகவும் நல்லது. இரண்டு மணிக்குமேல் விருந்தினர் யாரும் குழாய் திறக்க மாட்டார்கள். கம்பியையும் டார்ச்சையும் எடுத்துக்கொண்டு பழைய கட்டடத்தின் பின்பக்கத்திலிருந்து தொடங்குங்கள். குல்லாவை மறக்க வேண்டாம், அந்த நேரத்துக் குளிர் காதில்தான் ஏறும்.