அரை டாங்க் பெற்றோல்: ஒரு கடிதம்

அன்பின் அண்ணாவுக்கு,

வத்தளைப் பக்கம் ஒரு பாடசாலையில் உயர்தர வகுப்புக்குப் பொருளியல் படிப்பிக்கிறேன். 2022 இல் இலங்கைக்கு வந்த பொருளாதார நெருக்கடியைப் பற்றிக் கதைத்தால் வகுப்பில் ஒரே சண்டை. "கள்ளர் சாப்பிட்டது" என்கிறான் ஒருவன். "உக்ரைன் யுத்தம்" என்கிறாள் இன்னொருத்தி. பின்வாங்கிலிருந்து "உரத்தை நிப்பாட்டினதுதான் ரீச்சர்" என்று ஒரு குரல். போன மாதம் நீங்கள், சக்தி, சுற்றாடல், பொருளாதாரம், மனிதரின் நடத்தை எல்லாம் ஒரே முடிச்சு என்று எழுதியிருந்தீர்கள். வாசிக்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எல்லாம் எல்லாவற்றோடும் தொடர்பு என்று சொன்னால், ஒருவருக்கும் பொறுப்பில்லை என்று ஆகிவிடாதா? கரும்பலகையில் நான் என்ன எழுதுவது? என் பெயரைப் போட வேண்டாம்.

ஒரு வாசகி

அன்பின் ரீச்சருக்கு,

சரியான இடத்தில் பிடித்துவிட்டீர்கள். முடிச்சு என்று எழுதிவிட்டு அவிழ்க்காமல் எழும்பிப் போனது என் சோம்பல். இப்போது முயற்சி செய்கிறேன். முதலில் ஒரு கதை. அதில் நானும் குற்றவாளி.

2022 ஜூன், வெள்ளவத்தையில் ஒரு பெற்றோல் ஷெட். விடிய ஐந்து மணிக்கு மோட்டார் சைக்கிளைக் கொண்டுபோய் வரிசையில் விட்டேன். காலி வீதியில் தொடங்கிய வரிசை, கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கைக்குள் திரும்பி, அங்கேயும் முடியாமல் கிடந்தது. ஒன்பது மணித்தியாலம் நின்றேன். இதுவரை வீட்டில்கூடச் சொல்லாத விஷயம்: என் டாங்கில் அப்போது முக்கால்வாசி பெற்றோல் இருந்தது. அன்றைக்கு எங்கேயும் போக வேண்டிய வேலையும் இல்லை. "நாளைக்கு பவுசர் வராதாம்" என்று யாரோ வட்ஸ்அப்பில் போட்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

எனக்கு முன்னால் ஒரு ஓட்டோ. பின் சீற்றில் தலையணை, தண்ணீர்ப் போத்தல், ஒரு றாத்தல் பாண். அந்தத் தம்பி முதல் நாளும் நின்றவர். "அப்ப ஹயர் ஓடுறது எப்ப?" என்று கேட்டேன். சிரித்தார். "அண்ணே, ஓடினா எண்ணெய் எரியும். நின்னா காசு வரும்." அடித்த பெற்றோலைப் போத்தலில் ஊற்றி விற்றுவிட்டுத் திரும்பவும் வரிசைக்கு வருகிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இதைக் கரும்பலகையில் எழுதுங்கள். ஓர் ஊரில் நூறு மோட்டார் சைக்கிள். ஒவ்வொன்றின் டாங்கும் பத்து லீற்றர் கொள்ளும். சாதாரண நாளில் ஒவ்வொன்றிலும் சராசரி மூன்று லீற்றர் கிடக்கும். தீர்ந்த பிறகு அடிப்போம் என்று ஆட்கள் திரிவார்கள். பயம் வந்ததும் எல்லோரும் ஒன்பதில் வைத்திருக்கப் பார்க்கிறார்கள். ஒருவரும் ஒரு கிலோமீற்றர் கூடுதலாக ஓடவில்லை, ஆனால் ஊருக்கு 600 லீற்றர் கூடுதலாகத் தேவைப்படுகிறது. ஷெட்டின் நிலத்தடித் தாங்கியில் இருந்த எண்ணெய் இப்போது எங்கள் டாங்குகளில் சும்மா தூங்குகிறது. டொலர் இல்லாததால் தட்டுப்பாடு வந்தது. அந்த வரிசையின் நீளத்தில் ஒரு பங்கை நாங்கள் செய்தோம்.

ஜூலைக் கடைசியில் கியூஆர் முறை வந்தது: ஃபோனில் குறியீட்டைக் காட்டினால் கிழமைக்கு இவ்வளவுதான் என்ற பங்கீடு. மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5, காருக்கு 20. சில கிழமைகளில் வரிசை கரைந்துவிட்டது. இதற்கு அந்த முறை மட்டும் காரணமில்லை. கப்பல்கள் கொஞ்சம் வந்தன, விலையும் ஏறியிருந்தது. 2021 டிசம்பரில் 177 ரூபாய் விற்ற 92 ஒக்டேன், 2022 ஜூன் கடைசியில் 470. ஆனாலும் நாலு லீற்றர் என்றாலும் அடுத்த கிழமை நிச்சயம் கிடைக்கும் என்று தெரிந்ததும் ஆட்கள் அடங்கினார்கள். நானும்தான்.

அந்த 470 ரூபாயைக் கொள்ளை விலை என்று திட்டினோம், இல்லையா? ஒரு லீற்றர் பெற்றோலில் ஏறக்குறைய 9 கிலோவாட் மணி சக்தி இருக்கிறது. உடம்பு முறிய நாள் முழுக்க வேலை செய்யும் ஓர் ஆளால் அரைக் கிலோவாட் மணியைத் தாண்டுவதே கஷ்டம். எஞ்சின் முக்கால்வாசியைச் சூடாக வீணாக்கினாலும், மிச்சமிருப்பது நாலு ஆளின் ஒரு நாள் வேலை. 470 ரூபாய்க்கு நாலு பேரைக் கூலிக்குப் பிடிக்க முடியுமா? இந்த மலிவில்தான் கொழும்பு ஓடுகிறது. அது நிற்கும்போது வேறு எதையாவது எடுத்து அந்த இடத்தை அடைக்கப் பார்க்கிறோம். முடிச்சு விழுவது அங்கேதான்.

மின்சாரத்தைப் பாருங்கள். டீசல் வாங்க டொலர் இல்லை என்றதும் காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களின் தண்ணீரை நம்பினோம். மழை குறைந்த மாதங்கள், தண்ணீரும் இறங்கியது. 2022 மார்ச் 31 அன்று 13 மணித்தியால மின்வெட்டு. உரத்திலும் இதே கதை. யூரியா இயற்கை எரிவாயுவிலிருந்து செய்வது, வயலில் கொட்டுகிற எரிபொருள் என்றே சொல்லலாம். 2021 ஏப்ரல் கடைசியில் இரசாயன உரத்தை ஒரே இரவில் மறித்தார்கள். சுகாதாரம் என்றார்கள், டொலரும் மிச்சம் என்றார்கள். நவம்பரில் தடையை எடுத்தபோது பெரும்போகத்துக்குப் பிந்திவிட்டது. விளைச்சல் விழுந்தது, மிச்சம் பிடித்த டொலர் அரிசிக் கப்பலுக்குப் போனது. உங்கள் பின்வாங்குப் பிள்ளை சொன்னதில் பிழையில்லை, ஆனால் அது கதையின் ஒரு துண்டு.

நான் முடிச்சு என்று மொட்டையாகச் சொன்னதற்கு ஒழுங்கான சொல் கையிருப்பு. டாங்கில் பெற்றோல், அணையில் தண்ணீர், மண்ணில் சத்து, மத்திய வங்கியில் டொலர். 2019 முடிவில் 7.6 பில்லியன் டொலர் இருந்தது. பாவிக்கக்கூடியது 50 மில்லியனுக்கும் குறைவு என்று 2022 மேயில் அன்றைய நிதியமைச்சரே பாராளுமன்றத்தில் சொன்னார். கையிருப்பு கரையும்போது ஒருவருக்கும் வலிக்காது. விளக்கு எரியும், சோறு வேகும். ஒன்று கரையும்போது இன்னொன்றில் கை வைக்கிறோம். கடைசியில் எல்லாம் ஒரே மாதத்தில் முடிந்ததுபோலத் தெரிகிறது.

சதுப்பு நிலமும் கையிருப்புத்தான், வெள்ளத்துக்கு. கொலன்னாவைப் பக்கம் மண் போட்டு நிரப்பிய ஒவ்வொரு பேர்ச்சும் யாருக்கோ இலாபக் கணக்கு. 2016 மே மாதம் களனி கங்கை பெருகியபோது தண்ணீர் தன் பழைய இடத்தைத் தேடி அங்கேதான் வந்தது. அடுத்த வருடம் சித்திரைப் புத்தாண்டு நாளில், பக்கத்து மீதொட்டமுல்லவில் குப்பைமலை சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோர் செத்தார்கள். 2018 இல், ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் 'ஈரநில நகரம்' என்ற பட்டம் கொழும்புக்குக் கிடைத்தது. பட்டம் சுவரில் இருக்கிறது, டிப்பர்களும் ஓடுகின்றன.

உக்ரைன் என்ற பிள்ளைக்கும் ஒரு பதில். ரஷ்யக் குழாய் அடைபட்டதும் ஐரோப்பா கப்பலில் வரும் எரிவாயுவை எந்த விலைக்கும் வாங்கியது. அந்த விலையைத் தாங்காத பங்களாதேஷ் 2022 ஜூலையில் உடனடிச் சந்தையில், அதாவது நீண்டகால ஒப்பந்தமில்லாமல் அன்றைய விலைக்கு, எரிவாயு வாங்குவதை நிறுத்தி, மின்வெட்டுக்கு அட்டவணை போட்டது. அங்கே மத்திய வங்கியை யாரும் எங்களைப் போலத் துடைத்து வைக்கவில்லை. ஐரோப்பா வரிசையில் முன்னால் நின்றது, முக்கால் டாங்கோடு. என்னை மாதிரி.

பொறுப்பு பற்றிக் கேட்டீர்கள். கையிருப்புத் தானாகக் கரையவில்லை. 2019 கடைசியில் வற் வரியை 15 வீதத்திலிருந்து 8 ஆக்கினார்கள். கை வறண்ட பிறகும் பழைய கடனைக் கட்டிக்கொண்டே போய், 2022 ஏப்ரல் 12 அன்றுதான் முடியாது என்றார்கள். இவற்றில் கையெழுத்துகள் உண்டு, திகதிகள் உண்டு. 2023 நவம்பரில் உயர் நீதிமன்றமே பெரும்பான்மைத் தீர்ப்பில், முன்னாள் ஜனாதிபதியும் பிரதமரும் நிதியமைச்சரும் உயர் அதிகாரிகளும் பொதுமக்களின் நம்பிக்கையை மீறினார்கள் என்று சொல்லிவிட்டது. 'கள்ளர்' என்ற பையனுக்கு இதைக் கொடுங்கள். அப்புறம், அதே பையனிடம் கேளுங்கள்: அந்தக் கள்ளர் எல்லோரும் போன பிறகு, ஆகஸ்டில் கிழமைக்கு நாலு லீற்றர் ஏன்?

உங்கள் பிள்ளைகள் 2022 இல் சின்னவர்கள். வரிசையில் அப்பாவுக்குச் சோற்றுப் பார்சல் கொண்டுபோனவர்களும் இருப்பார்கள். இன்றைக்கு அவர்கள் வீட்டில் என்ன கூடுதலாக இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்: இரண்டாவது காஸ் சிலிண்டர், மண்ணெண்ணெய் அடுப்பு, கட்டிலுக்குக் கீழே அரிசி மூட்டை. என் வீட்டில் சிலிண்டர் இரண்டு. மோட்டார் சைக்கிளை அரை டாங்குக்குக் கீழே இன்னும் விடுவதில்லை. இன்று காலையும் அடித்துக்கொண்டுதான் வந்தேன். வகுப்பில் என்ன கணக்கு வருகிறது என்று எழுதுங்கள், ரீச்சர்.